சொல்லாமல் விட்ட வெள்ளைப் பூ

விதி ஏழு: "கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக, தேவையான பல் எக்ஸ்ரேயை மறுக்கக் கூடாது. தேவையில்லாத எக்ஸ்ரேயை, கர்ப்பிணி அல்லாதவர்களுக்கும் எடுக்கக் கூடாது. தேவையா என்பதை நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். எடுத்துக்கொள்வதா என்பதை நோயாளி முடிவு செய்வார்."

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கையேட்டில் இது இருக்கிறது. எழுதியவள் நான்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்தபோது கொட்டாவி விட்டிருப்பீர்கள். தப்பில்லை, எழுதும்போது எனக்கும் வந்தது. ஒரு பாதுகாப்புக் கையேடு சுவாரசியமாக இருந்தால், அந்தக் கட்டடத்தில் ஏதோ கோளாறு என்று பொருள்.

நான் பல் மருத்துவர் இல்லை. இயற்பியல் படித்தவள். பல் மருத்துவக் கல்லூரியில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் என்பது விநோதமான உத்தியோகம். மற்றவர்கள் எல்லோரும் பல்லை எடுப்பார்கள். நாம் அவர்கள் உயிரை எடுக்கலாம், அவ்வளவுதான். மெஷின் சரியாக இருக்கிறதா, கதவு மூடுகிறதா, ஒரே படத்தை இரண்டு தடவை எடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே காலம் போய்விடும். அதையெல்லாம் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்: ஒரு ஆய்வு முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. ஒரு நாளிதழில் "பல் எக்ஸ்ரேயால் மூளையில் கட்டி?" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். அந்தச் செய்தியிலேயே நேர்மையானது அது ஒன்றுதான்.

எங்கள் கல்லூரி முதல்வர் நல்ல மனிதர், திறமையான மருத்துவர். பாம்பு, பல்லி, தணிக்கை எதற்கும் பயப்பட மாட்டார். பத்திரிகைக்கு மட்டும் பயப்படுவார். செய்தி வந்த அன்றே சுற்றறிக்கை வந்தது. மறு உத்தரவு வரும்வரை, முதல்வரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கர்ப்பிணிகளுக்கு எந்த எக்ஸ்ரேயும் எடுக்கக் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.

செய்தியில் கர்ப்பிணி என்ற சொல்லே கிடையாது. செய்தி பெரியவர்களின் தலையைப் பற்றியது. சுற்றறிக்கை கர்ப்பிணிகளின் வயிற்றைப் பற்றியது. ஒரு முழு மருத்துவக் கல்லூரியில், தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யாரும் பார்க்கவில்லை. நான் போய்ச் சொன்னேன். "வந்து பேசிக்கலாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கூட்டத்துக்காக டெல்லிக்கு விமானம் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு இன்னோவா வந்தது. நம் ஊரில் ஒருவருக்குப் பல்வலி என்றால் ஆறேழு பேராவது வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சித்தப்பா, சித்தி, பக்கத்து ஊட்டு அக்கா எல்லோரையும் பிரவீன் வெளியே உட்கார வைத்துவிட்டு மூன்று பேரை மட்டும் உள்ளே விட்டார். பிரவீன் அன்றைய பணி மருத்துவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், இன்னும் எல்லோரையும் பார்த்து எழுந்து நிற்கிற காலம்.

உள்ளே வந்தவர்களில் நோயாளி கார்த்திகா. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. ஐந்தாம் மாதம். வலது கன்னம் இளநீர்க் காய் மாதிரி வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு. வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது, பேச்சு வரவில்லை. கூட மாமனாரும் மாமியாரும். மாமனாருக்குச் சொந்தமாகத் தறிக்குடோன். மாமியாருக்குச் சொந்தமாக மாமனார். கார்த்திகாவின் கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார்.

பிரவீன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், கடைவாய்ல சீழ் கட்டியிருக்கு. ஞானப்பல்தான்னு நினைக்கிறேன், ஆனா வாயே திறக்கலை, பார்க்க முடியலை. ஒரு ஓபிஜி எடுத்தா எந்தப் பல், வேர் எங்க போகுது, எங்க திறக்கணும்னு தெரிஞ்சிரும். இன்னிக்கே பண்ணணும். கழுத்துக்கு இறங்குச்சுன்னா மூச்சுக்கே ஆபத்து. ரெண்டு உயிர்."

ஓபிஜி என்பது வாயைத் திறக்காமலே, முகத்தைச் சுற்றி வெளியிலிருந்து எடுக்கும் படம். சில நொடி வேலை. அதற்கு நடுவில் இரண்டு தடைகள். ஒன்று முதல்வரின் அனுமதி, இன்னொன்று மாமியார். முதல்வரின் போன் அணைந்திருந்தது. மாமியார் அணைவதாகத் தெரியவில்லை.

"ஏனுங் மேடம், நீங்க பெரிய படிப்புப் படிச்சவிங்க. இதப் பாருங்க." போனில் அதே செய்தி. குடும்பக் குழுவில் யாரோ அனுப்பியது. "மூளைல கட்டி வருமாமா. பெரியவிங்களுக்கே கட்டின்னா, வயித்துல இருக்கற பொடுசுக்கு என்னாகுமுங்க?"

இந்த இடத்தில் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "அதெல்லாம் பொய்" என்று சொல்வது. அந்தச் செய்தி பொய் இல்லை. அந்த மாதிரி ஆய்வுகள் இருக்கின்றன, ஒழுங்காக வெளியானவைதான். அவை என்ன கேட்டன, யாரைக் கேட்டன என்பதுதான் விஷயம். கட்டி வந்தவர்களைக் கூப்பிட்டு, ஆயுசில் எப்போதெல்லாம் பல் எக்ஸ்ரே எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். கட்டி இல்லாதவர்களையும் கூப்பிட்டு அதையே கேட்பார்கள். பிறகு ஒப்பிடுவார்கள்.

நான் மாமனார் பக்கம் திரும்பினேன். "உங்க குடோன்ல எப்பவாவது தீப்பிடிச்சிருக்குங்களா?"

"ஒருக்கா புடிச்சுதுங்க. பாவு நூலு பூராவும் போச்சு."

"அதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா?"

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தின நாள் மதியம் சோமனூரிலிருந்து புது எலக்ட்ரீசியன் வந்தான். மூன்றாவது தறியின் மோட்டாரில் கை வைத்தான். வைத்தவன் செருப்புப் போடவில்லை. டீ குடித்தான், பாதியில் வைத்துவிட்டுப் போனான். "அவன் மூஞ்சியே செரியில்லீங்க."

"சரிங்க. தீப்பிடிக்காத ஏதாவது ஒரு நாளுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுங்க?"

"அதெப்புடீங்க நாபகம் இருக்கும்?"

"கட்டி வந்தவங்களும் அப்படித்தானுங்க. வந்ததுக்கப்புறம் ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் தோண்டி எடுத்துச் சொல்லுவாங்க. வராதவங்களுக்கு மறந்து போயிருக்கும். அதுவும் அந்தக் காலத்து மெஷினுங்க இப்பத்ததை விட நிறையக் கதிர் விட்டதுங்க."

மாமனார் யோசித்தார். "அப்ப அந்த எலக்ட்ரீசியன் மேல தப்பில்லைங்கறீங்களா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஞாபகத்தை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாதுங்க."

"அவன அதோட கூப்புடறதே இல்லீங்களே" என்றார் அவர், நிஜமாகவே வருத்தத்துடன்.

மாமியார் அசரவில்லை. "அந்தக் கத கெடக்குது. கொழந்தைக்கு ஒண்ணுமே ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"மாட்டேனுங்க."

பிரவீன் மேலே பார்த்தார். மின்விசிறியைப் பார்த்ததாகத்தான் இன்று வரை சொல்கிறார்.

"கருமத்தம்பட்டியில இருந்து அவிநாசி ரோட்டுல வந்தீங்களே, ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா?"

"அந்த ரோட்டுக்கா? எந்த மவராசன் எழுதிக் குடுப்பான்!"

"ஆனாலும் மருமகளைக் கூட்டிட்டு வந்தீங்க, போகாம இருந்தா இன்னும் மோசம்னு. இதுவும் அதேதானுங்க. ஆபத்தே இல்லைன்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா கதிர் போறது தாடைக்கு. அதுவும், ஒரு சில நாள்ல மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் நம்ம உடம்புக்குத் தானா வர்ற அளவுதான். வயித்துக்குப் போய்ச் சேர்றது அதுல ஒரு துளிகூட இல்லீங்க."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தார். "நீங்க எத்தன வருசமாங்க இந்த மெஷினு கிட்ட நிக்கறீங்க?"

"சர்வீஸ் பூராவும்."

"கொழந்தைங்க?"

"ரெண்டு பசங்க."

"நல்லா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது. அதுக்கு எக்ஸ்ரே காரணம்னு நான் நினைக்கலை."

அந்தம்மாவின் முகம் தெளிந்தது. "அட, இத மொதல்லயே சொல்லிருக்கலாமுல்லங்க! உங்க பசங்களே நல்லா இருக்கறப்ப..."

இளைய சகாக்களே, இங்கேதான் உங்களுக்கான சோதனை. ஒரு நல்ல முடிவு, தப்பான காரணத்தைப் பிடித்துக்கொண்டு உங்களை நோக்கி நடந்து வருகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பிரவீன் கண்ணாலேயே கெஞ்சினார். நான் சொன்னேன்: "அது ஆதாரம் ஆகாதுங்க. நான் ஒருத்தி. ரெண்டு பசங்க. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அதுவுமில்லாம நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

இதை வீம்பு என்று பிரவீன் பின்னால் சொன்னார். என் பசங்களை நம்பி ஒத்துக்கொள்பவர், நாளைக்குப் பக்கத்து ஊட்டுக்காரர் குழந்தைக்குச் சளி பிடித்தால் அதையும் நம்புவார் என்று நான் சொன்னேன். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எப்படியோ, அந்தம்மாவின் முகம் பழையபடி மூடிக்கொண்டது. கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"நாங்க சும்மா வல்லீங்க. அம்மன்கிட்டப் பூக் கேட்டுத்தான் வந்தோம். செகப்பு வந்துபோட்டுது."

நீங்கள் வெளியூர்க்காரராக இருந்தால் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் கல்யாணம், கிணறு, தறி எதுவானாலும் பூக் கேட்காமல் தொடங்க மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் வேண்டாம். படித்தவர்கள் இதைக் கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு வரன் பார்த்தபோதும் பூக் கேட்டார்கள். வெள்ளைதான் வந்தது. அதைப் பற்றி வேறொரு சமயம் வாதாடிக்கொள்கிறேன்.

"அம்மன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?" என்றேன்.

"எக்ஸ்ரே எடுக்கோணும்னு ஊரு டாக்டரு சொன்னாரு, எடுக்கலாமான்னுங்க."

"எடுக்காம விட்டா நல்லதான்னு கேட்டீங்களா?"

"அது... கேக்கலீங்க."

"ரெண்டையும் கேட்டாத்தானுங்க ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சரி, எந்தக் கோயில்ல கேட்டீங்க?"

பதில் மாமனாரிடமிருந்து வந்தது. அவர் இன்னும் எலக்ட்ரீசியன் துக்கத்தில் இருந்தார், அதனால் யோசிக்காமல் பேசிவிட்டார். "எந்தக் கோயில்னு கேட்டா எதைங்க சொல்றது? மொதல்ல எங்க கொல தெய்வத்துக்கிட்டத்தான் கேட்டோம். வெள்ளதான் வந்துச்சு."

மாமியார் சட்டென்று திரும்பினார்.

"ஏனுங்க" என்றார் மாமியார், கணவரைப் பார்த்து. அந்த ஒரு சொல்லில் பல வருடக் குடித்தனம் இருந்தது.

"நீதானம்மணி சொன்ன, பூசாரி பொட்டலத்தச் செரியா மடிக்கலீன்னு. பொறவு மாரியம்மங்கோயிலுக்குப் போனோம். அங்கயும் வெள்ள. அப்பறம் ஆத்தோரத்துக் கோயில்லதான செகப்பு வந்துச்சு?"

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! சர்வீஸ் முழுவதும் முதுகலை மாணவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கத் தொண்டை வறண்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்த ஆய்வு அச்சில் வருவது கஷ்டம், வந்தாலும் நாளிதழில் தலைப்பு ஆகாது, பயமுறுத்துகிற ஒன்று மட்டும் ஊர் சுற்றும். அதையே இந்தத் தம்பதி ஒரு இன்னோவாவில் மூன்று கோயிலுக்குப் போய்ச் செய்து காட்டிவிட்டார்கள். மேசையைத் தட்டிவிட்டேன்.

"அம்மணி, அந்தப் பேப்பர்க்காரரும் இதைத்தான் பண்ணியிருக்கறாரு! செகப்புப் பூ வந்த கோயிலை மட்டும் போட்டிருக்கறாரு. வெள்ளை வந்த கோயிலெல்லாம் அவரு கண்ணுக்குத் தெரியலை!"

அந்தம்மா என்னை முறைத்தார். பிறகு கணவரை முறைத்தார். பிறகு, அவரால் அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பயந்துபோட்டனுங்க. பையன் ஊர்ல இல்ல. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவன் மூஞ்சில எப்புடீங்க முழிக்கறது? வேண்டாமுன்னு சொல்றதுக்கு ஒரு சாமி கெடைக்குமான்னு சுத்துனோம்."

மாமனாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தம்மா கேட்டார், அன்றைக்கு அந்த அறையில் முதல் தடவையாகக் கேட்கப்பட்ட சரியான கேள்வி அது: "எடுக்காம உட்டா என்னாகுமுங்க, டாக்டர்?"

பதில் வரவில்லை. பிரவீன் அங்கே இல்லை. கார்த்திகாவின் நாற்காலியும் காலி.

மூன்று பேரும் நடைக்கு ஓடி வந்தோம். எக்ஸ்ரே அறையின் சிவப்பு விளக்கு அணைந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. கார்த்திகா ஈயக் கவசத்தைக் கழற்றி ஆபரேட்டர் அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றுக்கு அது இல்லாமலே எடுக்கலாம் என்று இப்போது நிபுணர்கள் சொல்கிறார்கள். அவள் கேட்டாள், போட்டிருக்கிறார்கள். உண்மையில் அதை மாமியாருக்குப் போட்டிருக்க வேண்டும்.

"செரி, எடுத்துருங்க டாக்டர்" என்றார் மாமியார், பெருந்தன்மையாக.

"எடுத்தாச்சுங்க" என்றார் பிரவீன்.

நடந்தது இதுதான். நாங்கள் எலக்ட்ரீசியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே கார்த்திகா போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலை என்று நினைத்தேன். நாங்கள் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் போனைப் பிரவீனிடம் நீட்டியிருக்கிறாள். அதை எனக்கும் காட்டினார்கள்:

"டாக்டர், பல்லு என்னுது. வாயி என்னுது. வயிறும் என்னுது. என்னை யாருமே கேக்கல. எடுத்தா என்ன, எடுக்காட்டி என்னன்னு எனக்குச் சொல்லுங்க."

பிரவீன் நடையில் நின்று இரண்டையும் சொல்லியிருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நாலே நிமிஷ வேலை. விதி ஏழின் கடைசி வரி என்ன சொல்கிறது என்று மேலே போய்ப் பாருங்கள். அதை எழுதியவள் உள்ளே உட்கார்ந்து மாமியாரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் படம் வந்திருந்தது. ஞானப்பல், படுத்த வாக்கில், பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு. பிரவீன் சொன்ன இடம்தான். மதியத்துக்குள் சீழை வெளியேற்றிவிட்டார்கள். மாமியார் கார்த்திகாவின் காலடியில் உட்கார்ந்து, "சித்தெ பொறுத்துக்க கண்ணு, சித்தெ பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காய்ச்சல் இறங்கியது. ஆபத்து போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் பிரவீன் என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், சுற்றறிக்கையை மீறிட்டேன். அனுமதி இல்லை. வேலை போயிருமா?"

"உட்காருங்க" என்றேன். நான் நோயாளியைப் படம் எடுக்க மாட்டேன், பல்லைத் தொட மாட்டேன், ஆனால் கடிதம் எழுதத் தெரியும். முதல்வருக்கு ஒரு பக்கத்தில் எழுதினேன். நோயாளிக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. நோயாளி சம்மதித்தார். விதி ஏழின்படி எடுக்கப்பட்டது. அந்த விதியை எழுதியவள் என்ற முறையில், நடவடிக்கை ஏதும் இருந்தால் என்னிடமிருந்து தொடங்கவும். சுற்றறிக்கை, அது மேற்கோள் காட்டும் செய்தியோடு தொடர்பில்லாதது. செய்தி, அது மேற்கோள் காட்டும் ஆய்வோடு அவ்வளவாகத் தொடர்பில்லாதது. ஆகவே சுற்றறிக்கையை ரத்து செய்யக் கோருகிறேன். நகல் எடுத்து, பதிவில் ஏற்றி, பெற்றுக்கொண்டதற்கு அலுவலகத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதல்வர் டெல்லியிலிருந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிரவீன் ஒவ்வொரு வாரமும் என் அறைக்கு வந்து, "ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்பார். தபாலில் வந்தது எல்லாம் கருமத்தம்பட்டி நிலக்கடலை மூட்டை மட்டுந்தான். மாமனார் இன்னொரு செய்தியும் சொல்லி அனுப்பியிருந்தார்: அந்த எலக்ட்ரீசியனை மறுபடி கூப்பிட்டுவிட்டாராம், மோட்டார் நன்றாக ஓடுகிறதாம். "அதை வெச்சும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு மேடம்கிட்டச் சொல்லிருங்க" என்று சேர்த்துச் சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த மாணவர் அவர்தான்.

கார்த்திகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் ஓய்வு பெற்றேன். பிரவீன் எழுந்து நிற்பதை நிறுத்தினார். கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

குழந்தைக்குக் காது குத்த அவர்கள் குலதெய்வக் கோயிலுக்கு என்னையும் பிரவீனையும் அழைத்திருந்தார்கள். கிளம்பும்போது தபால்காரர் ஒரு உறையைக் கொடுத்தார். கல்லூரி முத்திரை. கைப்பையில் போட்டுக்கொண்டு போய், பந்தலில் பிரவீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரித்தேன். முதல் பத்தி: "தாங்கள் குறிப்பிட்டுள்ள கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்க அனுமதி வழங்கப்படுகிறது. எடுக்கும் முன், அவர் தற்போதும் கர்ப்பமாக உள்ளாரா என்பதை உறுதி செய்துகொள்ளவும்." இரண்டாம் பத்தி: சுற்றறிக்கை ரத்து. விதி ஏழு தொடரும். மேல் நடவடிக்கை ஏதும் இல்லை.

பிரவீன் இரண்டாம் பத்தியை மூன்று தடவை படித்தார். முதல் பத்தியைக் கார்த்திகாவிடம் காட்டினேன். மொட்டைத் தலையோடு கத்திக்கொண்டிருந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் படித்தாள். பிறகு சிரித்தாள், கடைவாய் வரை தெரிய, வாயை முழுக்கத் திறந்து. சிரிப்பு அடங்கிய பிறகு, எதையும் தேதி போட்டு வைக்கிற என் பழக்கப்படி, உறையின் மேல் எழுதினேன்: பதில் கிடைத்தது, தைப்பூசத்துக்கு அடுத்த நாள்.